இனிப்பு இன்னும் மால்ட்டிலேயே இருக்கிறது

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. நார்வேயில் எங்கள் வோஸ் ஊர்க் கடையில் சர்க்கரை வாங்க வந்த ஓட்முண்ட், தன் பக்கத்து வீட்டு ஹால்டோரின் பியர் நீர்த்துப்போனதை உளறிவிட்டான். கொஞ்சம் மெருகேற்றி உங்கள் தலையில் கட்டுகிறேன்.

முதல் வரி: "நார்வே மலைகளின்மேல் பனி மெல்ல—"

வேண்டாம். பனியை எல்லோரும் விற்றாயிற்று.

2
ஹால்டோர் கிறிஸ்துமஸ் பியர் காய்ச்சுகிறான். வெந்நீரில் ஊறிய மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து, சாற்றை நூல் போல வடிக்க வேண்டும். அது மனைவி ஸிசெலின் வேலையாக இருந்தது. இரண்டு வருடம் முன் அவள் அவனை விட்டு பெர்கன் நகருக்குப் போய்விட்டாள். விட்டுப்போன குளிர்காலத் துணிகளை எடுக்க இன்று மதிய ரயிலில் வருகிறாள். அந்த அவசரத்தில் ஹால்டோர் ஊறல் தொட்டியின் குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

ஆறவைத்த சாற்றில், இனிப்பை அளக்கும் கண்ணாடி மிதவையை விட்டான். தலை தூக்கி நிற்க வேண்டியது, கல்லாய் இறங்கியது.

"இது பியராடா? ஆட்டுக்கு ஊத்தினா ஆடே முறைக்கும்," என்றான் ஓட்முண்ட்.

"இனிப்பெல்லாம் எங்கடா போச்சு?"

"எங்கயும் போகல. மால்ட்டுலயே உக்காந்திருக்கு. இறங்கி வர நீதான் நேரம் குடுக்கல."

3
வழி இரண்டு. மறுபடி வெந்நீர் ஊற்றி, நிதானமாக வடித்து, எல்லாவற்றையும் சுண்டக் காய்ச்சலாம். சாயங்காலம்வரை நகர முடியாது. அல்லது சர்க்கரையைக் கொட்டிவிட்டு அவளை அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஓடலாம்.*

"நீ போய் அவளக் கூட்டிட்டு வாடா."

"நானா? போனப்ப ரயிலேத்திவிட்டதே நான்தான். மறுபடி என் மூஞ்சியப் பாத்தா அடுத்த ரயில்ல ஏறிடுவா."

"அப்ப இதையாவது வடி."

"எனக்கு அந்தப் பொறுமை இருந்தா வீட்டுல எதுக்குடா சர்க்கரை மூட்டை?"

(* காய்ச்சும் நாளில் வருகிறவருக்குக் கொப்பரைச் சாற்றில் ஒரு கிண்ணம் தருவது ஊர் வழக்கம். சர்க்கரை கலந்திருந்தால் ஸிசெல் ஒரே மடக்கில் கண்டுபிடிப்பாள். சாறு நன்றாக இருந்தால், கிறிஸ்துமஸுக்கு பியர் திறக்கும்வரை தங்குவாள் என்பது ஹால்டோரின் நம்பிக்கை. போன் செய்து சொல்லலாமே என்கிறீர்களா? "வர முடியல" என்பதைத்தான் அவள் அவன் வாயிலிருந்து நிறையக் கேட்டுவிட்டாளே.)

4
நானாக இருந்தால் சர்க்கரையைக் கொட்டியிருப்பேன். நான் வளர்ந்தது வியாபாரிகள் நடுவில். எழுதும்போதே கதைக்குள் புகுந்து ஹால்டோரிடம் பேரம் பேசிப் பார்த்தேன்: பாதிப் பை? சரி, ஒரு கை?

படியவில்லை. வெந்நீரை ஊற்றிவிட்டுக் குழாயை மெல்லத் திருகினான். முன்பு அவள் இங்கே முக்காலியில் உட்கார்ந்து, வடியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இவன் வாசலில் நின்று "இன்னுமா?" என்று அரித்துக்கொண்டிருப்பான். இன்று முக்காலியில் உட்கார்ந்ததும், அவள் அப்போது என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அறிய அவன் மிகவும் ஏங்கி—

(வரியை இங்கேயே விடுகிறேன். ஏங்கினான் என்று எழுதினால் சரக்கின் விலை இறங்கிவிடும்.)

5
முடிவு: "ஸிசெல் தானே நடந்து வந்து—" அடித்துவிட்டேன். "துணிகள்கூட வேண்டாமென்று அடுத்த ரயிலில்—" அதையும்.

ரயில் வந்து நின்றுவிட்டது. அவன் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. சாறு நூலாக இறங்குகிறது. ஸ்டேஷனில் அவளை எதிர்கொள்ள யாருமில்லை.

இனி முடிவு அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நீங்கள் ஸிசெலாக இருந்தால், அந்த நடைமேடையில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?