பதினோரு விநாடி

1

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் வைத்தியரின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளை ஒருவன் உதைத்துக்கொண்டே இருக்கிறான். பின்னணியில் திக்கிப் பேசும் ஓர் ஆண் குரல். ஒரு உதைக்கு ஒரு திக்கல். அடியில் மேளம். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க தம்பி, பல்வலியே மறந்துடும்."

அந்த மேளத்தைச் சேர்த்தவன் நான். அது யாருடைய குரல் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். "நான்" என்று தொடங்கினால் நாலாவது வரியில் எனக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறேன். ஆகவே இனிமேல் "அவன்". அவன் என்றால் அறைவதற்குக் கை வரும்.

2

முதல் தொடக்கம்: அந்தக் கட்டட சைட்டில் எல்லோரும் ஒரே குடும்பம் போலத்தான் —

(பொய். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஸ்டோரில் வேலை பார்த்த ஒருத்தன், கைபேசியில் பெரிய கெட்டிக்காரன் —

(இதுவும் பொய். ஸ்டோர்காரனிடம் இருந்தது பட்டன் போன். என் பழியைத் தூக்க ஆள் தேடியிருக்கிறேன்.)

மூன்றாவது: அவன் கம்பி கட்டுபவன். பதினாறு வயதில் தொடங்கிய வேலை. விரல் நுனியில் ரேகை கிடையாது, காய்ப்புதான். சைட்டில் அவனுக்குப் பெயர் "காமெடி". அவன் வாயைத் திறந்தால் நாலு பேர் கூடுவார்கள். அந்த நாலு பேருக்காக எதையும் செய்வான்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

சிக்னல்காரர் அவனுக்குப் பத்து வயது மூத்தவர். கிரேன் தூக்கும் சுமையைக் கீழே நின்று பார்த்து, வாக்கி டாக்கியில் மேலே சொல்ல வேண்டும். ஏத்து, இறக்கு, இடது, நிறுத்து. நாலே சொல். அவருக்குத் திக்குவாய். ஆனால் அந்த நாலு சொல் மட்டும் ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

* அவர் பேச்சை எழுத்தெழுத்தாகப் பிளந்து, புள்ளி வைத்து எழுதிக் காட்டலாம். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். திரும்பப் படித்தபோது என் உதடு துடித்தது. சிரிப்பில்தான். மேளம் மட்டும்தான் பாக்கி. உடனே எல்லா வரியையும் நேராக்கினேன். இந்தக் கதைக்குள் அவர் எங்கேயும் திக்கமாட்டார்.

3

சைட்டுக்கு ஒரு வாட்ஸாப் குழு. அறுபத்திரண்டு பேர். சிக்னல்காரருக்கு எழுத வராது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நாற்பத்தொரு விநாடி பேசி அனுப்பினார்.

"அண்ணன் தம்பிங்களா, வியாழக்கிழமை பொண்ணு ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க. அவ படிப்பைப் பத்திப் பேசணுமாம். காலையில ரெண்டு மணி நேரம் யாராவது என் இடத்துல நிக்க முடியுமா?"

அவ்வளவுதான் செய்தி. இதில் "படிப்பைப் பத்தி" என்பது பதினோரு விநாடி. அவன் அதை மட்டும் வெட்டி எடுத்தான். மேளம் போட்டான். குழுவிலேயே போட்டான்.

ஏன் செய்தான்? எழுதுகிறவனாக ஒரு விரோதத்தைத் தேடிப் பார்த்தேன். பழைய சண்டை, வசவு, ஏதாவது. கிடைத்திருந்தால் கதைக்கு ஒரு முதுகெலும்பு இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயிற்று, மணி அடிக்க இருபது நிமிஷம் இருந்தது.

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேலே கூண்டில் இருந்த கிரேன்காரரும் ஒன்று போட்டார். "காமெடி, உன்னைய அடிச்சுக்க ஆளில்லடா" என்று ஒருத்தர். கடைசியில் சிக்னல்காரரும் ஒரு சிரிக்கும் முகம் போட்டார்.

"பாருங்கப்பா, அண்ணனே சிரிச்சுட்டாரு."

அதன்பிறகு தடையே இல்லை. யார் யாரோ அந்தக் குரலைத் தங்கள் வீடியோக்களில் ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்து சைட், லாரி ஓட்டுபவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வியாழக்கிழமை யார் நிற்பது என்ற கேள்விக்கு அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் பதில் போடவில்லை.

4

புதன்கிழமை வீட்டில் நடந்ததை அவன் பார்க்கவில்லை. (நானாக ஒரு காட்சி எழுதியிருந்தேன், மகள் அழுகிறாள், அப்பா ஜன்னலைப் பார்க்கிறார். கிழித்துவிட்டேன்.) அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிக்னல்காரரின் மனைவி சைட் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். எச்சில் தட்டோடு அவன் வரிசையில் நிற்கையில், அவர் கழுவிக்கொண்டே கூட இருந்த பெண்ணிடம் சொன்னார்.

"லீவு கிடைக்காட்டியும் போறேன்னு சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சுட்டாரு. பொண்ணு சொல்லிடுச்சுக்கா. அப்பா, நீங்க வாயைத் திறந்தா எங்க க்ளாஸே பாடும், அம்மா மட்டும் வரட்டும்னு. மனுஷன் சட்டையை எடுத்துப் பழையபடி ஆணியில மாட்டிட்டு, அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு."

"யாரு செஞ்ச வேலை அது?"

"யாரோ. கேட்டா பேரைச் சொல்ல மாட்டேங்குறாரு. விளங்குவானா அவன்?"

அவன் தட்டை நீட்டினான். அந்த அம்மா அதை வாங்கி, அவன் முகத்தைப் பார்க்காமலே கழுவி அடுக்கினார். பளபளவென்று கழுவினார்.

5

பிறகு வாக்கி டாக்கியிலும் வந்தது. சிக்னல்காரர் பொத்தானை அழுத்தும்போது யாராவது குறுக்கே புகுந்து அந்தப் பதினோரு விநாடியை ஓடவிடுவார்கள். "லைன்ல விளையாடாதீங்கடா" என்று கிரேன்காரர் அதட்டுவார். அதட்டலுக்குள்ளேயே சிரிப்பு இருக்கும். சிக்னல்காரர் பேச்சைக் குறைத்தார். கையைக் காட்டினார். விசில் ஊதினார். கட்டடத்துக்குப் பின்பக்கம் நின்றால் கூண்டிலிருந்து கை தெரியாது. கலவை இயந்திரம் ஓடினால் விசில் கேட்காது.

இரண்டு வாரம் கழித்து, கம்பிக் கட்டு ஒன்று மேலே போகும்போது ஒரு பக்கத்துப் பெல்ட் நழுவியது. பின்பக்கம்தான். நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் தடுக்காத சொல். பொத்தானை அழுத்தினார். கிரேன்காரருக்கு மூச்சு மட்டும் கேட்டது.

(முதல் பிரதியில் அந்தக் கம்பிக் கட்டை "அவன்" மேல் போட்டேன். கால் போனால் பாவமும் போய்விடும் என்ற ஆசை. இரண்டாவது பிரதியில் சிக்னல்காரரைச் சாகடித்தேன். நீங்கள் அழுதிருப்பீர்கள், அந்தத் தண்ணீரில் நானும் கை கழுவியிருப்பேன்.)

நடந்தது இதுதான். கம்பி சரிந்து வெறும் மண்ணில் விழுந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. நல்லவேளை என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான்.

என்ஜினியர் வந்தார். "பேச வேண்டிய நேரத்துல பேசலைன்னா உனக்கு எதுக்குய்யா இது?" வாக்கி டாக்கியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு சுற்றி நின்றவர்களிடம் திரும்பி, "இத்தனை வருஷம் நல்லாத்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு? என்ன ஆச்சு, யாருக்காவது தெரியுமா?" என்றார்.

நன்றாகக் கேட்டார். பதில் சொல்ல இடம் விட்டுத்தான் கேட்டார். அவன் தன் கையிலிருந்த கம்பி கட்டும் கொக்கியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து சிக்னல்காரர் மணல் சலித்தார்.

6

இங்கே "அவன்" என்று எழுத வரவில்லை. முயன்று பார்த்தேன். அடிக்க வசதியாக இருந்த சொல், ஒளிந்துகொள்ளவும் வசதியாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த மேளம் போட்டது நான்தான்." குழுவிலேயே அவர் பார்த்ததுதான்; என் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவர் குழாயை மூடினார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முதல் ஒலி வந்தது. அடுத்தது வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஒரு பக்கமாக இறுகியது. ஐந்து விநாடி இருக்கலாம், ஆறு இருக்கலாம். நாலு கம்பி முடிச்சுப் போடும் நேரம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பரவாயில்ல விடுன்னுதானே சொல்ல வர்றீங்க? உங்க மனசு எனக்குத் தெரியாதாண்ணே."

திறந்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மூடியது. தலையை ஆட்டினார். கடைக்காரரோ பஸ் கண்டக்டரோ அவர் பேச்சை முந்திக்கொண்டு முடித்துவைத்தால் ஆட்டுவாரே, அதே ஆட்டல். குழாயைத் திறந்து மறுபடி கை கழுவினார்.

அந்தத் தலையாட்டலை மன்னிப்பு என்று வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன், பல் வைத்தியர் வாசல்வரைக்கும்.

ஆகவே என்னிடம் முடிவு கிடையாது. அது அவர் வாயில் இருந்தது. நான்தான் உள்ளே தள்ளினேன். இப்போது உங்கள் மனதில் ஒன்று தயாராக இருக்கும்: திட்டியிருப்பார், மன்னித்திருப்பார், பெண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பார். தயவுசெய்து நீங்களும் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். தாளில் இடம் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நிற்கிறார். முதல் ஒலி வந்துவிட்டது.