துண்டின் மேல் ஐந்து மணி நேரம்

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று கேட்டால், நான் உட்கார்ந்த இடத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். சேலம் ஜங்ஷனில், சென்னைக்குப் போகும் பகல் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில், ஜன்னலோர இருக்கை. அதன் மேல் வேறு யாரோ இடம் பிடிக்கப் போட்ட துண்டு கிடந்தது. துண்டின் மேல் நான் உட்கார்ந்தேன்.

இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு ஏழு மாதமும் மூன்று வீணான தொடக்கங்களும் தேவைப்பட்டன.

முதலாவது: "ஏற்காட்டில் அன்று மூடுபனி இறங்கி—" (பனிக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மனிதர்கள் ஏன் உட்கார விரும்புகிறார்கள்?" (கட்டுரையாகிவிடும். தவிர, விடை எல்லோருக்கும் தெரியும்.)

மூன்றாவது: "மேனகாவுக்கு இடுப்பு வலித்தது." இதில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தேன்.

2

மேனகா என்பவள் எனக்குப் பதிலாகத் துண்டின் மேல் உட்காருவதற்காக நான் உண்டாக்கிய பெண். உட்காருவதற்கு அவளுக்கு நியாயம் வேண்டும் என்று இடுப்புவலி கொடுத்தேன். போதவில்லை. ஐந்து மாதக் கர்ப்பம் கொடுத்தேன். அப்போதும் அவள் செய்தது சரியாகப் படவில்லை. கடைசியில் வலது காலில் மாவுக்கட்டும் போட்டேன். இந்த நிலையில் அவளால் சேலம் ஜங்ஷனில் ரயிலே ஏற முடியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

உண்மை வேறு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. தினமும் காலையில் ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து கிளம்பி ஏரியைச் சுற்றி நடக்கிறேன். என் இரத்த அழுத்தத்தை டாக்டரே பாராட்டியிருக்கிறார்.

3

எங்கள் ஏற்காட்டு மலையில் ஒரு சட்டம் உண்டு. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக எது உள்ளே விழுகிறதோ அது ஒரு ஆள். துண்டு, குடை, கூடை, எதுவானாலும். ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பலாப்பழம் ஜன்னலோரமாக உட்கார்ந்து வர, நான் பக்கத்தில் நின்றபடி வந்தேன்.* பழத்துக்குச் சொந்தக்காரர் படிக்கட்டில் நின்று யாரோடோ பேசிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

(* ஏழாவது வளைவில் அது சரிந்தது. நிமிர்த்தியும் வைத்தேன்.)

ரயிலில் இந்தச் சட்டம் செல்லாது. கோயம்புத்தூரிலிருந்தே நிரம்பி வரும் பெட்டியில் துண்டு என்பது முகம் துடைக்கும் துணி, அவ்வளவுதான். அன்று சேலத்தில் ஒருவர் எழுந்து இறங்கியதும், ஜன்னல் கம்பிகளுக்குள் ஒரு கை நுழைந்து, சிவப்புக் கட்டம் போட்ட துண்டை அந்த இடத்தில் விரித்து, ஒருமுறை தட்டியும் விட்டுப் போனது. மலைக்காரர்கள்தான் அப்படித் தட்டிவிட்டுப் போவார்கள். இனி நிதானமாக வரலாம் என்ற நம்பிக்கையில் தட்டுவது அது.

அந்தத் தட்டலுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெட்டியில் நான்தான்.

நான்தான் உட்கார்ந்தேன்.

4

துண்டுக்காரர் நெரிசலைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது ரயில் கிளம்பிவிட்டது. பெயர் லூர்துசெல்வி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் மலையிலேயே வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் வேலை. மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். மகள் ரூபிக்கு முந்தின நாள் சென்னையில் குழந்தை பிறந்திருந்தது. இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துணைக்கு நிற்க வேண்டும். ஆகவே ரயிலிலாவது உட்கார வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. முதலில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க, இங்கன ஒரு துண்டு கெடந்துச்சுங்களா? கட்டம் போட்டதுங்க."

"இல்லீங்களே."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் மடியில் இருந்த துணிப்பையில் ஒண்டிக்கடை ஜவுளிக்கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. லூர்துசெல்வி அதைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்மூருங்களா. அப்பச் சரி. நம்மூரு ஆளு உக்காந்திருக்கறப்ப வேற எவனும் துண்டு மேல கை வெச்சிருக்க மாட்டான். காத்துல எங்கியோ உழுந்திருக்கும்."

குற்றவாளியைச் சாட்சியாக்கிவிட்டு, என் தோளுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

5

இந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பீர்கள்: எழுந்து இடம் கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருப்பேன். நம்புங்கள், மொரப்பூர் வருவதற்குள் அந்த இருக்கையின் மேல் எனக்கு ஆசையே போய்விட்டது. ஆனால் நான் எழுந்தால் துண்டும் தெரியும். செய்த தவறைத் தொடர்ந்து செய்வதற்கு அந்தத் தவறின் மேல் பிரியம் இருக்க வேண்டியதில்லை என்று அன்று கண்டுகொண்டேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற எண்ணமே போதும்.

ஜோலார்பேட்டையில் எதிரே ஒருவர் எழுந்தார். லூர்துசெல்வி முழங்காலை இழுத்துக்கொண்டு ஓரடி வைப்பதற்குள் கல்லூரி மாணவன் ஒருவன் அதில் உட்கார்ந்து, கண்ணையும் மூடிக்கொண்டான்.

"கையில துண்டிருந்தா வீசியிருப்பேனுங்க," என்றார் என்னிடம். "பாழாப்போனது எங்க போச்சோ."

நான் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

பிறகு பையிலிருந்து ஆரஞ்சு எடுத்தார். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி, மற்றக் கையாலும் பல்லாலும் உரித்து, பெரிய பாதியை எனக்குத் தந்தார். ருசியைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். ஒழிந்து போகட்டும். புளித்தது.

காட்பாடி தாண்டியபோது எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. உண்மையில் சேலத்திலிருந்தே போக வேண்டியிருந்தது. நான் நெளிந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டு, லூர்துசெல்வி குனிந்து என் காதருகே சொன்னார்.

"போய்ட்டு வா கண்ணு. எடத்த நான் பாத்துக்கறேன். ஒருத்தரையும் உக்கார உட மாட்டேன்."

கவனியுங்கள். அதுவரை நான் ஊர்க்காரி, இப்போது கண்ணு. அதுவரை மூன்று மணி நேரம் நின்றவர், நீ வரும்வரை நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அப்போது நான் எழுந்து, துண்டை—

(இல்லை. "பரவாயில்லீங்க அக்கா, அவசரமில்லை" என்றேன். அவசரமாக இருந்தது.)

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் அரக்கோணத்தில் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியே நெகிழ்ந்துவிடுகிறது. படித்துப் பார்த்தேன், அதில் நான் மிக அழகாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் லூர்துசெல்விக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், மன்னித்துத்தான் நின்றுகொண்டிருந்தார். அதில் அவர் மகான் ஆகிவிடுகிறார். மகான்களுக்கு முழங்கால் வலிக்காது. அவருக்கு வலித்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றி நின்றார்.

மூன்றாவதில் எல்லோரும் இறங்கியபின் துண்டைச் சுருட்டி என் பைக்குள் திணித்துக்கொள்கிறேன். பிறகு அது ஒண்டிக்கடையில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிறது. வெள்ளக்கடை பஸ் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போகும். (இந்த முடிவை எழுதும்போது பேனா கொஞ்சம் வேகமாகவே ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.)

7

ஆகவே நடந்ததை, நடந்த மட்டும்.

சென்னை வந்துவிட்டது. பெட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது. கல்லூரி மாணவன் கண் விழித்துப் போய்விட்டான். எல்லோரும் இறங்கட்டும் என்று நான் காத்திருக்கிறேன். லூர்துசெல்வியும் காத்திருக்கிறார், எனக்காக. ஊர்க்காரியை விட்டுவிட்டு இறங்குவது அவருக்கு முறையாகப் படவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் மகள் வழி பார்த்துக்கொண்டிருப்பாள். இவர் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. நான் அசையவில்லை.

"கால் மரத்துப் போச்சா கண்ணு? நொம்ப நேரம் உக்காந்தே இருந்தா அப்பிடித்தான். கையக் குடு."

கையை நீட்டுகிறார். அந்த விரல்களில் ஆரஞ்சுத் தோலின் மணம்.

ஏழு மாதமாக அந்தக் கை நீண்டபடியே இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் எழுந்திருக்க வேண்டியதில்லை. இத்தனை தொடக்கங்களும் அடைப்புக்குறிகளும் எதற்கென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் இவ்வளவு நேரம் நீங்களும் என் பக்கத்தில் நின்றுகொண்டேதான் வந்திருக்கிறீர்கள். உட்கார இடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள். ஜன்னலோரம்தான். கொஞ்சம் சூடாக இருக்கும், அடியில் ஒரு மடிப்பு உறுத்தும்.

லூர்துசெல்வி இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். கையைக் கொடுங்கள்.