கழட்டாத மூடி

கம்ப்யூட்டரில் ஒரு கேம் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவள் புருஷனின் பிழைப்பு. யூடியூபில் அவனுக்குக் 'கார்டு வாத்தியார்' என்று பேர். திரையில் படத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்கென்றே புதிதாக ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினான். டார்ச் பிடித்தது அவள்தான். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல், கம்ப்யூட்டரின் பழைய ஓட்டையிலேயே செருகினான். கார்டின் ஓட்டைகளில் ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன.

"இதக் கழட்ட வேணாமாங்க?"

"உனக்கு என்ன தெரியும்? டார்ச்ச ஒழுங்காப் பிடி."

அதற்கப்புறம் அவளுடைய தம்பி எழுதிய கேம் வெளியானது. மழை கொட்டும் துறைமுகம். கம்ப்யூட்டரின் சக்தியையெல்லாம் பிழிந்தெடுத்து அந்தத் தண்ணீரைச் செய்திருந்தான் பையன். வாத்தியார் வீடியோ போட்டான்: "இது தண்ணியா? பாத்திரம் கழுவின தண்ணி! என் கார்டுலயே இப்படின்னா, எழுதினவனுக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம்."

சொந்த மச்சினன் என்றும் பார்க்கவில்லை. கேட்டால் நடுநிலையாம். நடுநிலையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, கேமையே நிறுத்தப் போவதாகத் தம்பியின் கம்பெனி சொல்லிவிட்டது.

தம்பி நேரே வீட்டுக்கு வந்தான்.

"மாமா, உங்க மெஷின்ல நானே ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன்."

"தாராளமா. லைவ்லயே பாப்போம். ஊரே சிரிக்கட்டும்." வாத்தியார் கேமராவை ஆன் செய்தான்.

துறைமுகம் சேறாகத்தான் தெரிந்தது. வாத்தியார் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். தம்பி செட்டிங்கைத் திறந்து பார்த்து முழித்தான்.

"மாமா, இது உங்க கார்டுல ஓடவே இல்லயே."

"ஆடத் தெரியாதவன் மாதிரி மேடையக் குறை சொல்லாதடா."

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காமலே மாட்டிக்கொண்டு, மங்கலாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வரும் மகானுபாவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். டார்ச் பிடித்த நாள் சட்டென்று நினைவுக்கு வந்தது. அட கடவுளே, இவனும் அந்தக் கேஸ்தானா! மேஜைக்கடியில் குனிந்து, கார்டின் மூடிகளைப் பிடுங்கி, வயரை அங்கே மாற்றிச் செருகினாள்.

"ஏய், என்னடி பண்ற?"

திரை இருண்டு மறுபடி வந்தது. தம்பி கேமை முதலிலிருந்து போட்டான். மழை கொட்டியது. விளக்கு வெளிச்சம் தண்ணீரில் நடுங்கியது. கப்பலின் துருகூடத் தனியாகத் தெரிந்தது. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினான். "பாத்தீங்கல்ல மக்களே? நான் திட்டினதும் அப்டேட் விட்டுட்டாங்க."

அவள் நடுவில் வந்து நின்று, உள்ளங்கையை விரித்துக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். தூசி படிந்த ரப்பர் மூடிகள்.

"இதயும் அப்டேட்டுலதான் அனுப்பினாங்களாங்க?"