ஒத்துக்காது

புதன்கிழமை காலை எதுக்கம்மா ஏழாம் நம்பர் கட்டிலின் அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றாள். அந்த மருத்துவமனையின் மருந்தாளுநர் அவள். உள்நோயாளிகளுக்கு எழுதுகிற ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கையும் பார்த்து, "இது எதுக்கு? எத்தனை நாளைக்கு?" என்று டாக்டர்களைக் குடைவதுதான் வேலை. அதனால் நர்ஸ்கள் வைத்த பெயர் அது. முதலில் கோபம் வந்தது. இப்போதோ போனை எடுத்தால் அவளே "எதுக்கம்மா பேசறேன்" என்கிறாள்.

கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடது காலில் சீழ். சோதனைச்சாலை ரிப்போர்ட்டைப் பார்த்தால் சாதுவான கிருமி, பென்சிலின் மாத்திரைக்கே செத்துவிடும். ஆனால் அட்டையின் தலையில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று கொட்டை எழுத்து. அதனால் ஒரு முரட்டு மருந்து நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் ஏறுமாம். சிறுநீரகம் வேறு முனக ஆரம்பித்திருந்தது.

"சார், பென்சிலின் போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒத்துக்காதும்மா."

"ஒத்துக்காதுன்னா? தடிப்பா, மூச்சுத்திணறலா?"

"அது தெரியாது. எங்கம்மா போற எடமெல்லாம் சொல்லுவாங்க. நானும் சொல்லிக்கிட்டு வரேன்." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமைக்குள்ள விட்ருவாங்களா? அன்னைக்கு எம்பொண்ணு முதமுதலா பஸ் ஓட்டறா. நான் ஓட்டுன அதே ரூட்டு. முத டிக்கெட் எனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

இதைக் கேட்டபிறகு அவளுக்கு டீ இறங்குமா? டிரைவரின் அக்காவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் அந்தம்மா சிரித்த சிரிப்பு வார்டு முழுக்கக் கேட்டது.

"ஒத்துக்காதா? அட போம்மா! அஞ்சு வயசுல, ஊசி போட வந்த நர்ஸம்மா கையக் கடிச்சு வச்சுட்டான். மறுபடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கூட்டிட்டுப் போறது? அதான் எங்கம்மா, 'இவனுக்கு அந்த ஊசி ஒத்துக்காது'ன்னு சொல்லிட்டாங்க."

"உடம்புல தடிப்பு ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சே, நர்ஸம்மா கையில!"

பெரிய டாக்டரிடம் போய் இதை அப்படியே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "கதை நல்லாருக்கு. பென்சிலின் குடுத்து வீங்கிட்டா?"

"அதுக்குத்தான் சார், கொஞ்சமா குடுத்துப் பாப்போம். அவசர ஊசி கைவசம் இருக்கட்டும்."

"சரி. ஒரு மணி நேரம் நீங்களும் பக்கத்துலயே உக்காருங்க."

வாய் சவடாலாகப் பேசிவிட்டது. அந்தத் துளி மருந்து டிரைவரின் தொண்டையில் இறங்கியதும் எதுக்கம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபது வருஷத்துக் கதை, அக்காவுக்கு ஞாபகம் பிசகியிருந்தால்? பத்து நிமிஷம் போயிற்று. இருபதாவது நிமிஷத்தில் டிரைவர் பரபரவென்று கழுத்தைச் சொறிந்தார். நர்ஸ் ஊசியோடு பாய, டாக்டரும் ஓடி வந்தார்.

"என்ன பண்ணுது?"

"இந்த ஆஸ்பத்திரிச் சட்டையோட முடிச்சு உறுத்துது டாக்டர்!"

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள். கழுத்து வழவழவென்று இருந்தது. டாக்டர்தான் முதலில் சிரித்தார். ஒரு மணி நேரம் கழிந்தது, முழு மாத்திரையும் உள்ளே போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. எதுக்கம்மா சிவப்புப் பேனாவை டாக்டரிடம் நீட்டினாள். அவர் அந்தக் கொட்டை எழுத்துகளைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாத்திரை எத்தனை நாளைக்குன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை அவள் மருத்துவமனை ஸ்டாப்பில் நின்றிருந்தாள். வேலைக்கு வர அந்த பஸ் அவளுக்குத் தேவையே இல்லை, வீடு பக்கத்துத் தெருதான். பஸ் வந்தது. முன்சீட்டில் பழைய டிரைவர், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடும் முதல் டிக்கெட்டோடும் உட்கார்ந்து மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"வளைவு வருது... கியரை மாத்து... ஹாரன் அடி..."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதான எதுக்கம்மா? இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டறது எனக்கு ஒத்துக்காது. உங்க அட்டையில எழுதிக்குங்க!"

பழைய டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. எதுக்கம்மாவின் கை, தன்னையறியாமல், சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.