ஊட்டி ஏரித் திரை

ஆரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? மார்க்கெட் பக்கம் அவன் வாப்பா ஜவுளிக்கடையில் சம்பாதித்துப் போட, இவன் தோளில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோவில்பட்டியில் தனக்கு மட்டும்தான் கண் இருப்பதுபோலத் திரிந்தான். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பூவனம் ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். என் படத்தைப் பார்த்து ஒரு பயல் ‘அடடா’ என்று சொன்னதில்லை.

அவன் விழுந்து விழுந்து எடுத்தது கிடைமேட்டை. ஊருக்கு மேற்கே, பைபாஸை ஒட்டி, ஆட்டுக்கிடை போட வந்தவர்கள் அப்படியே தங்கி வீடு கட்டிக்கொண்ட இடம். முப்பத்தெட்டு வீடு. நாலு வழி ரோடு வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அந்தக் கரிசல் தரைக்கும் யோகம் அடித்தது. சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டு ரியல் எஸ்டேட்காரர்கள் மனை பிரித்துவிட்டார்கள். கிடைமேட்டுக்காரர்கள் நேற்று வந்து குடிசை போட்டவர்கள் என்று தாலுகா ஆபீசில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்பே வீடு இருந்தது என்று காட்டினால் மாற்று இடம் உண்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ரேஷன் கார்டெல்லாம் அவர்களுடைய பழைய ஊரான எப்போதும்வென்றான் முகவரியிலேயே கிடந்தது. மாற்ற வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. விசாரணை 2004 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை.

ஆரிப்பின் படமெல்லாம் அந்த வருஷம் எடுத்தது. பழசு என்னிடம்தான் இருந்தது. வந்து நின்றான்.

“அண்ணாச்சி, கிடைமேட்டு விசேஷமெல்லாம் நீங்கதான எடுத்தீய. பழைய பிலிம் கெடக்கும்லா?”

“கெடந்து என்னலே செய்ய? எல்லாம் திரை கட்டி எடுத்ததுல்லா.”

அது பொய்யில்லை. அங்கே விசேஷம் என்றால் ஊட்டி ஏரி வரைந்த திரையைக் கையோடு கொண்டுபோவேன். வாத்து, படகு, பச்சைப் பசேலென்று மலை. இரண்டு பேர் ஆளுக்கொரு கம்பாகப் பிடித்து வீட்டுக்கு முன்னால் விரித்து நிற்பார்கள். மண்சுவரும் ஆட்டுப் புழுக்கையும் படத்தில் விழுந்தால் அவர்களுக்கே மூஞ்சி சுண்டிப்போகும். ஆனால் பிலிமில் திரைக்கு இரண்டு பக்கமும் வீடு விழுந்திருக்கும். பிரிண்ட் போடும்போது நான்தான் ஓரத்தை வெட்டிவிடுவேன். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாங்கிக்கொண்டு போவான், பெயர் அவனுக்குப் போகும்.

மறுநாள் ரெங்கம்மாள் வந்தாள். கிடைமேட்டுக்காரி. அவள் மகள் மாரிசெல்வியின் காதுகுத்திலிருந்து சடங்கு வரை நான் எடுத்ததுதான். வீடு வீடாகப் போய், சுவரில் மாட்டியிருந்த என் படங்களைக் கழற்றிப் பையில் கொண்டுவந்திருந்தாள். மேஜைமேல் பரப்பினாள். எதைப் பார்த்தாலும் அதே வாத்து, அதே படகு.

“எங்க வாசல்ல வச்சுத்தான எடுத்தீய அண்ணாச்சி. வீட்ட எங்க காணும்?”

நான் படங்களைக் கூட்டி அடுக்கி அவள் பைக்குள்ளேயே வைத்தேன்.

“ஆரிப் தம்பி சொல்லுச்சு, அண்ணாச்சிட்ட இருந்தா தராம இருக்கமாட்டாவன்னு.”

பார்த்தீர்களா? நல்ல பிள்ளைப் பட்டமும் அவனுக்கே.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு இருட்டறைக்குள் உட்கார்ந்தேன். பதினேழு படம், ஓரம் வெட்டாமல் போட்டேன். ஒன்றில் திரைக்கு இடப்பக்கம் ரெங்கம்மாள் வீட்டு வாசல். நிலைக்கு மேலே சுண்ணாம்பில் 1986 என்று எழுதியிருந்தது. திரைக்கம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றான் அவள் புருஷன் வெயிலுமுத்து. செத்து ஆறு வருஷமாகிறது. இதைவிடச் சாட்சி வேண்டாம்; சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய் அதிகாரி மேஜையில் வைப்பேன், ஆரிப் ஓரமாக நின்று பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம்போல ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ரப்பர் முத்திரை குத்தினேன்: கடைப் பெயர், பிரிண்ட் போட்ட தேதி. முத்திரை இல்லாமல் என் கடைப் படம் வெளியே போனதில்லை.

செவ்வாய் காலையில் சீனி டீக்கடையில் பேப்பர் கிடந்தது. அரைப் பக்கத்துக்கு ஆரிப்பின் படம். ரெங்கம்மாளின் முகம், கண்ணோரச் சுருக்கம் ஒன்று விடாமல். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

“அண்ணாச்சி, இங்கன பாருங்க. இதுல்லா போட்டோ!” என்றான் சீனி, என் முகத்துக்கு நேரே.

அப்படியா? அப்போ அந்த போட்டோவே காப்பாத்தட்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். கவரை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். விசாரணை பதினொரு மணிக்கு. அந்த நேரம் நான் யாரோ ஒருவருக்குப் பாஸ்போர்ட் படத்துக்காகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பத்து நாளில் ஜேசிபி வந்தது. முப்பத்தெட்டு வீட்டுக்கும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவரை எடுத்துக்கொண்டு போனேன். ரெங்கம்மாள் உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரிப் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்கு ஓடு சுமந்துகொண்டிருந்தான்.

“தேடுனேன்… இப்பத்தான் கெடச்சுது,” என்று நீட்டினேன்.

ரெங்கம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். “ஏ யாத்தே, எங்க வீட்டுக்காரவுக!” என்றாள். எல்லாப் படத்துக்கும் திரை பிடித்த மனுஷன். ஒரு படத்திலும் அவன் இருந்ததில்லை. நான் வெட்டியிருந்தேன்.

ஆரிப் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

“அண்ணாச்சி, இதுதான் படம். நான் ஆயுசு பூரா எடுத்தாலும் இது எனக்கு வராது.”

இருபத்திரண்டு வருஷம் நான் காத்துக்கிடந்த வார்த்தை.

பிறகு அவன் படத்தைத் திருப்பினான். 12.9.2004. விசாரணைக்கு இரண்டு நாள் முந்தி. தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தேதியைப் பார்த்தான்.

“பின்னால என்ன எழுதியிருக்கு தம்பி?” என்றாள் ரெங்கம்மாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“கடைப் பேருதான் அக்கா,” என்றான் ஆரிப். படத்தை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடு சுமக்கப் போனான்.

அந்த நல்லதனத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.