வெள்ளியில் ஒரு விதை

அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தே நகை செய்யக் கற்றவள் அக்கா. பழங்காலத்தாரைப் போல, இலையையோ காயையோ களிமண்ணில் பொதிந்து சூளையில் வைப்பாள். அது எரிந்து சாம்பலான பள்ளத்தில் வெள்ளியை உருக்கி ஊற்றுவாள். தம்பி வழியில் பொறுக்கியதையெல்லாம் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். நேற்று வைத்த விதையையும் அவள் விட்டுவைக்கவில்லை.

இன்று அவன் மண் நிரப்பிய தொட்டியோடு வந்தான்.

"அந்த விதை எங்கக்கா? அம்மா வச்ச மரத்தை வெட்டிட்டாங்க. மிஞ்சினது அது ஒண்ணுதான்."

"நகைக்குன்னுல்ல நினைச்சேன்! வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

அக்கா கையை விரித்தாள். வரி ஒன்றுகூடத் தப்பாத வெள்ளி விதை.

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அச்சு அசலா இருக்குக்கா" என்றான்.

அந்த வார்த்தைக்காகவே எல்லாவற்றையும் அவனிடம் முதலில் காட்டுவாள். இன்றைக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.