பெட்டிக்குள் விதைநெல்

வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், நைலக்ஸ் சேலை கொண்டுவந்தார்கள். காளியம்மாளின் வீட்டுக்காரன் காத்தான் மட்டும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்தான். தேக்கு நிறத்தில் மினுமினுவென்று, ஒவ்வொன்றும் அவள் இடுப்பு உயரம். பஹ்ரைனில் அவன் தச்சுவேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது ஆசையாகக் கொடுத்ததாம். கூட வேலை பார்த்த நாகூர் லியாகத் அலிதான் வேன் பிடித்து வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"எந்தக் கல்யாணத்துக்குக் கட்டப் போறீங்க?" என்று கேட்டாள் காளியம்மாள். நியாயமான கேள்விதானே! ஸ்பீக்கர் என்றால் வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டுவது, ஊர் முழுக்கக் கத்துவது.

"அடி போடி. இது வீட்டுக்குள்ள உக்காந்து கேக்குறது."

"வீட்டுக்குள்ளயா? நமக்கென்ன காதா செவிடு?"

காத்தான் பெட்டிகளைச் சுவரோரம் எட்ட எட்ட வைத்தான். எதிரே தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அவளை அதில் உட்காரவைத்தான். பெட்டிகளோடு வந்த பிளேயரில் நாகசுர இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டான். அவ்வளவுதான். இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவர் இருந்த இடத்தில், தவில்காரர் வந்து நின்றுவிட்டார்! காளியம்மாள் எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகும் அவனைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. திட்டும்போது அந்தக் கோட்டில் உட்கார்ந்துகொண்டு திட்டினாள்.

அந்த வருஷம்தான் பண்ணையின் உபரி நிலத்தை எடுத்து, நிலமில்லாதவர்களுக்கு ஏக்கர் ஏக்கராகச் சர்க்காரில் கொடுத்திருந்தார்கள். காளியம்மாளுக்கும் ஒரு ஏக்கர். பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டால் நிலம் திரும்பப் போய்விடும் என்பது நிபந்தனை. பண்ணைக்கு அது போதாதா? பண்ணைக் காரியக்காரர் துரைராசு, களத்தில் நெல் திருட்டுப்போய்விட்டதென்று சொல்லிக்கொண்டு, நிலம் வாங்கியவர்கள் வீட்டு நெற்குதிர்களையெல்லாம் திறந்து பார்த்தார். இருந்த விதைநெல்லை அள்ளிக்கொண்டு போனார். விதை இல்லாவிட்டால் விதைப்பு ஏது?

காளியம்மாளிடம் இருந்தது அரை மூட்டை. எங்கே ஒளிப்பது? ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கம், கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை இருந்தது. பெட்டி மூச்சுவிடும் வழி அது என்பான் காத்தான். அவள் கண்ணுக்கு அது குதிரின் அடியில் நெல் தள்ளுகிற வாய். குதிருக்கு வாய் இருக்கிறதென்றால் வயிறு நிரப்புவதற்குத்தானே? காத்தான் வேலைக்குப் போனதும் நாத்தனார் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டாள். இருவருமாக இடதுகைப் பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, நெல்லைக் கொட்டி, ஓட்டையில் பழந்துணியைத் திணித்து, முக்கி முனகி நிமிர்த்தி வைத்தார்கள். காத்தானிடம் மூச்சுவிடவில்லை. அவன் வாயில் எது போட்டாலும் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் இருக்கும்.

மறுநாள் காத்தான் தட்டைப் போட்டுவிட்டு முகம் வாடிப்போனான். "காளி, இந்தப் பெட்டிக்குச் சளி பிடிச்சிருச்சுடி. தவிலு தலகாணில அடிச்ச மாதிரி கேக்குது."

"கஷாயம் வச்சுக் குடுங்க" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் துரைராசு, பின்னால் இரண்டு ஆட்கள். நெற்குதிரைத் திறந்தார்கள், காலி. பரணில் தேடினார்கள், ஒட்டடை. போய்த்தொலைவார் என்று காளியம்மாள் நினைத்தால், காத்தானுக்கு வந்தவரிடம் பெட்டியைக் காட்டாமல் இருக்க முடியுமா!

"ஐயா, வந்ததுதான் வந்தீங்க. ஒரு பெட்டிக்குச் சளிதான், இருந்தாலும் அந்தக் கோட்டுல உக்காந்து ஒரு தட்டு கேட்டுட்டுப் போங்க."

துரைராசு தவில் பைத்தியம். உட்கார்ந்துவிட்டார். தொடையில் தாளம் போட்டார். "அடேயப்பா காத்தா! எதிர்ல நிக்கிறானேடா அவன்!"

தவில் சூடு பிடித்தது. இடதுகைப் பெட்டியின் ஓட்டையிலிருந்து பழந்துணி, நாக்கை நீட்டுவதுபோல மெல்ல வெளியே வந்தது. பிறகு ஒரு நெல். பிறகு இரண்டு. ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளி வந்தன, கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

காளியம்மாள் பாய்ந்துபோய் ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். உள்ளிருந்து அடித்த காற்று முதுகில் கிச்சுக்கிச்சு மூட்டியது. நெல் ஒவ்வொன்றாய் ரவிக்கைக்குள் இறங்கியது. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

காத்தானுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் இவளுக்கும் பிடித்துவிட்டதே! சத்தத்தை இன்னும் கூட்டினான்.

"குறைங்க, ஐயோ, குறைங்க!" என்று அவள் நெளிந்தாள்.

"ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு என்ன?" என்றார் துரைராசு.

"ரசிக்கிறாங்கய்யா!"

சொன்னவன் காலடியில் ஒரு நெல்லைப் பார்த்தான். குனிந்து எடுத்தான். அவள் முதுகு மறைத்த ஓட்டைப் பக்கம் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். வாய் திறந்தது. காளியம்மாளின் சிரிப்பு நின்றது. ஒரு ஏக்கர் நிலமும் அந்த வாயில் தொங்கியது.

காத்தான் வாயை மூடிக்கொண்டான். நெல்லையும் உள்ளே போட்டு மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் மறைத்த முதல் ரகசியம் அதுதான்.

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஐயா, வீட்டுக்குள்ள வச்சா நாலு சுவருக்குத்தான் கேக்கும். துரைராசு ஐயா தாளம் போடுறது ஊருக்குத் தெரிய வேணாமா? வயலோரம் பண்ணை பம்புசெட் கொட்டகையில கரண்டு இருக்கு. சாவி உங்ககிட்டதானே?"

துரைராசுவின் மீசை கொஞ்சம் உயர்ந்தது. "தூக்குங்கடா!" என்றார் ஆட்களிடம்.

காளியம்மாள் துணியை உள்ளே தள்ளிவிட்டு நகர்ந்தாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வைரக்கண்ணு ஏற்கெனவே கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடியிருந்தாள். ஆட்கள் முனகிக்கொண்டே தூக்கினார்கள்.

"இது மட்டும் என்னாய்யா இந்தக் கனம் கனக்குது?"

"சீமைப் பொட்டி, கனக்காதா?" என்றான் காத்தான். புழுதி படுமே, கீறல் விழுமே என்று பதறினான். ஆனாலும் பிளேயரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

புழுதி உழவு முடிந்து காத்திருந்தது அந்த ஒரு ஏக்கர். துரைராசுவைக் கொட்டகைப் பக்கம் பார்க்க, வயலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். வலதுகைப் பெட்டி அவர் எதிரே. சளி பிடித்த பெட்டி அவருக்குப் பின்னால், வரப்பின்மேல், ஓட்டை வயலைப் பார்த்து.

"ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால இருந்தாத்தான் நடுவுல நீங்க ராசாங்க" என்றான் காத்தான். "திரும்பினீங்கன்னா சுகம் போயிரும்."

தட்டு சுழன்றது. அவனே போய்ப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தான். காளியம்மாள் துணியை உருவினாள். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் பொலபொலவென்று நெல் கூடையில் கொட்டியது. வைரக்கண்ணுவும் தெருப் பெண்களும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தாளத்துக்கு ஒரு கை வீச்சு, தாளத்துக்கு ஒரு எட்டு. சிலர் முட்செத்தையை இழுத்து விதையை மண்ணால் மூடினார்கள். சிரிப்பை அடக்கமுடியாமல் ஒருத்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

வயிறு காலியாகக் காலியாகப் பெட்டிக்குக் குரல் திறந்தது. கடைசிக் கூடை நிரம்பியபோது தவில் இடியாய் இடித்தது. வாய்க்கால் கொக்குகள் கூட்டமாய்ப் பறந்தன.

"இப்பத்தான்டா சளி விட்டுச்சு!" என்று கூவிக்கொண்டே துரைராசு திரும்பிப் பார்த்தார்.

வயல் முழுக்கப் பெண்கள், காலிக் கூடைகள், மூடிய மண். ஆட்களைப் பார்த்தார். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மண்ணில் விழுந்த விதையை எந்தக் காரியக்காரர் பொறுக்கி எடுக்க முடியும்? அவர் முகம் சிவந்து கறுத்தது. தொடைமேல் இருந்த கை மட்டும் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

காளியம்மாள் ரவிக்கையை உதறி, மிச்சமிருந்த நாலு நெல்லையும் வயலில் வீசினாள்.

காத்தான் பணிவாகக் குனிந்து கேட்டான். "ஐயா, தட்டைத் திருப்பி மறுபக்கம் போடட்டுங்களா?"

துரைராசு மறுபடி வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "போட்டுத் தொலை" என்றார்.